மழை, இடி, வெள்ளம், மோட்டார்: கோலாலம்பூரில் ஓட்டுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

செந்தூலில் என் தம்பி வைத்திருக்கும் மோட்டார் சைக்கிள் பட்டறையின் அஞ்சடியில் (கடை முன் கூரை நடைபாதையில்), சாயங்காலம் நாலு மணிக்கு மேல் ஒரு கூட்டம் சேரும். அதில் பாதிப் பேர் பழுது பார்க்க வந்தவர்கள் இல்லை, மழைக்கு ஒதுங்கியவர்கள். நான் 22 வருடம், மோட்டாரில் கடிதமும் பொட்டலமும் கொண்டுசேர்க்கும் டெஸ்பாட்ச் வேலையில் இந்த ஊர் முழுக்க ஓடியவன். அதனால் சும்மா நிற்கும் நேரத்தில் என்னைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

அண்ணே, காலையில வெயில் கொளுத்துது. சாயங்காலம் மழை வருமான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

வெயில் கொளுத்துவதுதான் முதல் அறிகுறி. தரை சூடாகும், மலாக்கா நீரிணைப் பக்கமிருந்து கடற்காற்று ஈரத்தோடு உள்ளே வரும், கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர் அதைத் தடுத்து மேலே ஏற்றும். மத்தியானம் மூன்றிலிருந்து ஏழு மணிக்குள் அது நம் தலையில் கொட்டும். இரண்டு பருவக்காற்றுக்கும் இடைப்பட்ட ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் இது அதிகம். 'ஐப்பசியில் அடைமழை' என்று பாட்டி சொன்னது தஞ்சாவூர் மழையைத்தான். ஆனால் தீபாவளிக்குச் சாமான் வாங்க பிரிக்பீல்ட்ஸ் போய் நனைந்து திரும்பும் நமக்கும் அது கச்சிதமாகப் பொருந்துகிறது.

செந்தூலில் இருந்தால் பத்துமலைப் பக்கம் பாருங்கள். பின்னால் இருக்கும் மலை வெள்ளைத் திரை போட்டதுபோல் மறைந்துவிட்டால் மழை அங்கே இறங்கிவிட்டது என்று அர்த்தம். அடுத்த அறிகுறி, புழுக்கத்துக்கு நடுவே திடீரென்று சில்லென்று அடிக்கும் காற்று. மேகத்துக்குள் குளிர்ந்த காற்று கீழே விழுந்து தரையோடு பரவி வருவதுதான் அது. அது முகத்தில் பட்டபிறகு உங்களுக்குச் சில நிமிடங்கள்தான் இருக்கின்றன. நான் அந்தக் காற்றுக்கே ஒதுங்கிவிடுவேன், துளி விழும்வரை காத்திருப்பதில்லை.

சரி, போனில் பார்க்க வேண்டுமென்றால் மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் 'மைசுவாச்சா' செயலி இருக்கிறது. அதில் இடியுடன் கூடிய மழை எச்சரிக்கை வந்தால், மணிக்கு 20 மில்லிமீட்டருக்கு மேல் மழை வரப்போகிறது, அல்லது ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கப் போகிறது என்று பொருள். ஓர் எச்சரிக்கை அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குத்தான் செல்லும். காலையில் பார்த்ததை நம்பிச் சாயங்காலம் கிளம்பாதீர்கள், கிளம்பும்போது மறுபடி பாருங்கள்.

விடியக்காலையிலயே இடி இடிச்சுப் பெய்யுதே, அது என்ன மழை?

அது சுமத்திரா பக்கமிருந்து நீரிணையைத் தாண்டி வரும் வரிசைப் புயல் மேகம். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், இருட்டோடு இருட்டாகக் கிள்ளான், ஷா ஆலம் வழியாக நகருக்குள் வரும். மழைக்கு முன்னால் பலத்த காற்று அடிக்கும். இதில் ஒரே நல்ல விஷயம், மேகம் வேகமாக நகர்ந்துவிடும். ஒன்றிரண்டு மணி நேரம் காத்திருந்தால் கனம் குறைந்துவிடும். காலை வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்த நேரம்தான் கிடைப்பதில்லை. அதற்குக் கடைசிக் கேள்வியைப் பாருங்கள்.

சும்மா தூறல்தானே? மெதுவா போயிட்டா வீடு வந்துடும்ல?

சாலை மிக அதிகமாக வழுக்குவது அந்தத் தூறலில்தான். பல நாள் வெயிலில் படிந்த எண்ணெய், டயர் தூள், தூசு எல்லாம் முதல் தண்ணீரில் ஊறிக் கூழாகும். டிராபிக் லைட்டில் நிற்கும்போது கீழே பாருங்கள், வானவில் நிறத்தில் ஒரு படலம் நெளியும். முதல் 10, 15 நிமிடம் அது இருக்கும். பிறகு கனத்த மழை கழுவிவிடும். கனமழையில் வேறு ஆபத்துகள் உண்டு, ஆனால் பிடிமானம் தூறலைவிடக் கொஞ்சம் மேல்.

போஞ்சோ மாதிரி ஒரே துணி போதுமா, இல்ல கோட்டு சிலுவார் ரெண்டும் வேணுமா?

கோட்டு, சிலுவார் (கால்சட்டை) இரண்டும் வேண்டும். போஞ்சோ மலிவு, தலைவழியே மாட்டிக்கொள்ளலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காற்றில் பாய்மரம் மாதிரி உப்பி மோட்டாரைப் பக்கவாட்டில் இழுக்கும். அதன் பின்பக்கம் பறந்து சங்கிலியிலோ சக்கரத்திலோ சுற்றிக்கொண்டால் கதை முடிந்தது. அதோடு பின்விளக்கையும் மறைத்துவிடும்.

கறுப்பு நிறம் வாங்காதீர்கள். மழை நேரத்தில் காடி (கார்) ஓட்டுபவரின் பக்கக் கண்ணாடியில் நீங்கள் ஒரு நிழல்தான். மஞ்சளோ ஆரஞ்சோ வாங்குங்கள், ஒளி பட்டால் மின்னும் பட்டை முதுகிலும் கையிலும் இருக்கட்டும். சிலுவாரின் கால் பகுதி ஷூவுடன் மாட்டக்கூடிய அளவுக்கு அகலமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சாலையோரம் ஒற்றைக் காலில் குதித்துக் குதித்து மாட்ட வேண்டிவரும். நம்மில் பலர் ஜாக்கெட்டை முன்பின்னாகப் போடுவோமே, வெயிலுக்கு அது சரி. மழைக்கோட்டை அப்படிப் போட்டால் முதுகுப் பக்கம் திறந்து காற்றை அள்ளும்.

ஹெல்மெட் கண்ணாடி உள்ளே புகை மாதிரி மூடிக்குது. தொறந்தா மூஞ்சில ஊசி குத்துற மாதிரி மழை. என்ன பண்றது?

பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு போதும். உள்பக்கம் மெல்லத் தடவி, காய்ந்ததும் மென்மையான துணியால் தேய்த்து எடுத்துவிடுங்கள். சில நாள் தாங்கும். ஓட்டும்போது கண்ணாடியை ஒரு விரல் அகலம் திறந்து வையுங்கள், மூச்சுக்காற்று வெளியேறும்.

கீறல் விழுந்த கண்ணாடிக்கு எந்த வைத்தியமும் இல்லை. இரவு மழையில் எதிரே வரும் விளக்கு ஒவ்வொரு கீறலிலும் சிதறி நட்சத்திரமாகத் தெரியும், அதைத் தாண்டி ஒன்றும் தெரியாது. மாற்றிவிடுங்கள். கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பவர்களிடம் நான் பேசுவதே இல்லை.

மழைக் காலத்துக்கு டயர்ல காத்தைக் கொஞ்சம் இறக்கணும்னு சொல்றாங்களே?

தவறு. காற்று குறைந்தால் டயர் தட்டையாகி, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போவதற்குப் பதில் அதன் மேல் ஏற ஆரம்பிக்கும். சங்கிலி மூடியிலோ பின்கரத்திலோ ஒட்டியிருக்கும் அளவைத்தான் வைக்க வேண்டும், மழையானாலும் வெயிலானாலும். பின்னால் ஆள் ஏறினால் அதில் போட்டிருக்கும் அளவுக்குக் கூட்டுங்கள்.

டயரின் பள்ளத்துக்குள் சின்னச் சின்ன ரப்பர் மேடு இருக்கும். மேல்பரப்பு தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. இளைஞர்கள் சிலர் அழகுக்காக 'லீடி' டயர் போடுகிறார்கள், பெயருக்கேற்றபடி ஈர்க்குச்சி கனம்தான். பட்டறைக்கு அந்த டயரோடு வரும் தம்பிகளிடம் என் தம்பி எதுவும் சொல்வதில்லை, மழை விடும்வரை சாவியை மட்டும் வாங்கி மேசை டிராயரில் போட்டுவிடுவான்.

ஈரத்துல எந்த பிரேக் பிடிக்கணும்? முன் பிரேக் பிடிச்சா விழுந்துடுவோம்னு எங்க அப்பா சொல்வாரு.

இரண்டையும் சேர்த்து, மெதுவாக, கூட்டிக்கொண்டே போய்ப் பிடிக்க வேண்டும். அப்பா சொன்னதில் பாதி உண்மை: முன் பிரேக்கைத் திடீரென்று அள்ளிப் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஆனால் நிறுத்தும் சக்தியில் பெரும்பங்கு முன்சக்கரத்தில்தான் இருக்கிறது. பின் பிரேக்கை மட்டும் மிதித்தால் பின்சக்கரம் வாலாட்டிக்கொண்டு தூரமாகப் போய்த்தான் நிற்கும். முதலில் ஆக்சிலேட்டர் திருகலை விடுங்கள், கியரைக் குறையுங்கள், பிறகு பிரேக்.

ஈரச் சாலையில் நிற்க இரண்டு மடங்கு தூரம் தேவை என்று வைத்துக்கொண்டு இடைவெளி விடுங்கள். டிரம் பிரேக் உள்ள பழைய மோட்டார் என்றால் தண்ணீர்க் குட்டையைத் தாண்டியதும் பிரேக் பிடிக்காது. லேசாகப் பிடித்தபடி சிறிது தூரம் ஓட்டுங்கள், சூட்டில் காய்ந்துவிடும். ஏபிஎஸ் இருந்தால் சக்கரம் பூட்டாமல் காப்பாற்றும், ஆனால் சாலையின் ஈரத்தை அது துடைத்துவிடாது.

எந்த இடத்துல ரொம்ப வழுக்கும்?

வெள்ளைக்கோடு, மஞ்சள் பட்டை, சாக்கடை இரும்பு மூடி, மேம்பாலத்தில் இரண்டு கான்கிரீட் துண்டுகள் சேரும் இடத்தில் இருக்கும் இரும்புப் பட்டை, கட்டுமான இடத்தில் போடும் இரும்புத் தகடு, டோல் சாவடிக்கு முன்னால் காடிகள் நின்று நின்று எண்ணெய் சொட்டிய இடம். இவற்றை நேராக நின்றபடி கடங்கள். சாய்ந்து கடக்காதீர்கள், அதன் மேல் பிரேக் தொடாதீர்கள்.

நான் விழுந்தது ஜாலான் ஈப்போவில், பாதசாரிகள் கடக்கும் வெள்ளைப் பட்டையில். வேகம் 20கூட இருக்காது. விளக்கு மஞ்சளானதைப் பார்த்துப் பின் பிரேக்கை மிதித்தேன். மோட்டார் எனக்கு முன்னால் தனியாகப் போய்ப் படுத்தது. முழங்கை தேய்ந்தது பெரிதில்லை, பைக்குள் இருந்த அலுவலக உறையில் காசோலை மை கரைந்து நீலமாக வழிந்ததைப் பார்த்துத்தான் வயிறு கலங்கியது.

பாலத்துக்கு அடியில நின்னா என்ன தப்பு? எல்லாரும்தானே நிக்கிறாங்க?

இந்தக் கேள்விதான் அதிகம் வரும். நானும் வருடக்கணக்கில் நின்றவன்தான். காடி ஓட்டுபவர் இடத்தில் இருந்து யோசியுங்கள். வைப்பர் முழு வேகத்தில் ஓடுகிறது, கண்ணாடி முழுக்க வெள்ளை. திடீரென்று பாலத்தடி, மழை சட்டென்று நிற்கிறது, ஆனால் உள்ளே இருட்டு. அந்த இருட்டில் 20 மோட்டார். முதல் வரிசை ஓரத்தில் நிற்கும், இடம் போதாமல் இரண்டாவது வரிசை இடது பாதையிலேயே நிற்கும். அதில் ஒருவர் ஒற்றைக் காலில் நின்று மழைச் சிலுவாருக்குள் ஷூவைத் திணித்துக்கொண்டிருப்பார். மணிக்கு 90 கிலோமீட்டரில் வரும் காடி ஒரு விநாடியில் 25 மீட்டர் கடந்துவிடும். ஓட்டுபவர் அவரைப் பார்த்து முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

சட்டப்படியும் அது போக்குவரத்துக்கு இடைஞ்சல், சம்மன் கொடுக்கலாம். ஆனால் சம்மனுக்குப் பயந்து யாரும் நகர்ந்து நான் பார்த்ததில்லை.

வேறு வழியே இல்லாமல் பாலத்தடியில் மாட்டிக்கொண்டால்: மோட்டாரை இருக்கும் இடத்திலேயே மிக இடது ஓரத்தில் விடுங்கள், விளக்கை அணைக்காதீர்கள். நீங்கள் இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய்விடுங்கள். மோட்டாருக்கு முன்னால் நிற்காதீர்கள், அது இடிபட்டால் உங்கள் மேல்தான் வரும்.

பின்னே எங்கேதான் நிக்கச் சொல்றீங்க?

மழை வருவதற்கு முன்பே அதை முடிவு செய்திருக்க வேண்டும். நான் வேலை செய்த காலத்தில் ஒவ்வொரு வழிக்கும் ஒதுங்கும் இடங்களை மனப்பாடமாக வைத்திருந்தேன்: இந்தப் பெட்ரோல் நிலையம், அடுத்து அந்த மாமாக் சாப்பாட்டுக் கடை, அதற்கடுத்து எல்ஆர்டி ரயில் நிலையத்தின் கீழ்த்தளம். இரண்டு ஒதுங்கிடங்களுக்கு நடுவே எவ்வளவு நேரமாகும் என்பதும் தெரியும். வானம் கறுத்தால் அடுத்த இடம் வரை போக முடியுமா என்று மட்டும் கேட்டுக்கொள்வேன். வீடு வரை போக முடியுமா என்று கேட்க ஆரம்பித்தால் பாலத்தடியில்தான் போய் முடியும்.

சில நெடுஞ்சாலைகளில் மோட்டார் ஓட்டுபவர்களுக்கென்றே கூரை போட்ட ஒதுங்கிடங்கள் இருக்கின்றன, சாலையை விட்டு விலகி. அவை எங்கே என்று வெயில் நாளில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டாருக்குத் தனிப்பாதை உண்டு. அது காடிகளிடமிருந்து காப்பாற்றுகிறது, ஆனால் சந்திப்புகளுக்கு அடியில் குகை மாதிரி இறங்கி வளைந்து ஏறும். கனமழையில் தண்ணீர் முதலில் தேங்குவது அந்தப் பள்ளத்தில்தான். உள்ளே இறங்கும்முன் வேகத்தைக் குறைத்து, எதிர்ப்பக்கத் தரை தெரிகிறதா என்று பாருங்கள்.

டயர் ரப்பர்தானே, மின்னல் நம்மள ஒண்ணும் பண்ணாதுன்னு சொல்றாங்க. உண்மையா?

பொய். மேகத்திலிருந்து பல கிலோமீட்டர் காற்றைக் கிழித்து வரும் மின்சாரத்துக்கு ஒரு சாண் ரப்பர் ஒரு பொருட்டே இல்லை. காடிக்குள் இருப்பவர் தப்புவதும் டயரால் அல்ல. சுற்றியிருக்கும் இரும்புக் கூடு மின்சாரத்தை வெளியே வழியாகத் தரைக்கு அனுப்பிவிடுகிறது. நமக்குக் கூடு இல்லை. திறந்த மேம்பாலத்தில் போகும்போது உயரமான பொருளாக நாமே இருக்கலாம்.

மின்னலைப் பார்த்ததும் எண்ணுங்கள். இடிச் சத்தம் மூன்று விநாடிக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் கடக்கும். 30 எண்ணுவதற்குள் இடித்தால் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, அடுத்த மின்னல் உங்கள் தலைக்கு மேலேயே வரலாம். கட்டடத்துக்குள் போய்விடுங்கள். தனி மரத்தடி, கம்பிவேலி ஓரம், திடல் நடுவே இருக்கும் கொட்டகை, இவை வேண்டாம். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துக் கிளம்புங்கள். பாட்டி 'அர்ஜுனா, அர்ஜுனா' என்று சொல்லச் சொல்வாள். சொல்லிக்கொள்ளுங்கள், ஆனால் கூரைக்குக் கீழே நின்று சொல்லுங்கள்.

ஹேண்ட்போன் கையில இருந்தா மின்னலை இழுக்குமா?

இழுக்காது. திறந்தவெளியில் நிற்பதுதான் ஆபத்து, போன் அல்ல. போனுக்கு மழைதான் எதிரி: பிசைந்து மூடும் பிளாஸ்டிக் பையில் போட்டு உள்சட்டைப் பையில் வையுங்கள். கைப்பிடியில் மாட்டி வழி பார்ப்பவர்கள் ஒதுங்கும்போது கழற்றி எடுக்க மறக்காதீர்கள்.

காத்து பலமா அடிச்சா? மரம் விழுமோன்னு பயமா இருக்கு.

பயப்படுவதில் அர்த்தம் இருக்கிறது. 2024 மே 7ஆம் தேதி ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் ஒரு பெரிய மரம் வேரோடு சாய்ந்தது. பல காடிகள் நசுங்கின, ஒருவர் இறந்தார், மோனோரயில் தடமும் பாதிக்கப்பட்டது. நகரின் பழைய சாலைகளில் நிழலுக்காக வைத்த மரங்கள் இன்று பெரிய மரங்கள். காற்று சுழன்று இலைகள் பறக்க ஆரம்பித்தால் மரங்கள் வரிசையாக நிற்கும் சாலையை விட்டு வேறு சாலையில் திரும்பிவிடுங்கள். மரத்தடியில் ஒதுங்குவது மழைக்கும் மின்னலுக்கும் காற்றுக்கும், மூன்றுக்குமே தவறு.

ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கக்காற்று தள்ளினால் கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காதீர்கள். முழங்காலால் டேங்கையோ இருக்கையையோ பற்றிக்கொண்டு, உடம்பைக் குனிந்து, வேகத்தைக் குறையுங்கள். லோரியை முந்தும்போது அது காற்றை மறைத்திருக்கும், தாண்டியதும் ஒரே அடியாக அடிக்கும். பினாங்கில் இருக்கும் என் மச்சான் இதைத் தினமும் பார்க்கிறார். பாலத்தில் இரண்டு பக்கமும் கடல், நடுவில் ஒதுங்க இடமே கிடையாது. முதல் பாலம் 13.5 கிலோமீட்டர், இரண்டாவது 24 கிலோமீட்டர். கறுத்த வானத்தைப் பார்த்தபிறகு பாலத்தில் ஏறக்கூடாது, கரையிலேயே ஒரு தே தாரிக் குடித்துவிட்டுப் போகலாம் என்பது அவர் கட்சி.

வெள்ளம் எவ்வளவு வரைக்கும் ஓட்டலாம்? முன்னாடி ஒரு மோட்டார் போச்சுன்னா நாமளும் போகலாம்தானே?

சக்கரத்தின் அச்சு வரை தண்ணீர் என்றால் திரும்பிவிடுங்கள். தேங்கி நிற்கும் தண்ணீருக்குத்தான் இந்தக் கணக்கு. ஓடும் தண்ணீர் என்றால் கணுக்காலுக்கு மேல் இருந்தாலே இறங்காதீர்கள், முழங்கால் உயரத்து நீரோட்டம் ஆளையே சாய்க்கும். முன்னால் போனவர் தப்பித்தது அவர் போன கோட்டில். ஒரு மீட்டர் தள்ளி மூடி கழன்ற குழி இருக்கலாம். சாலையும் லோங்காங்கும் (சாக்கடையும்) ஒரே மட்டமாகத் தண்ணீரில் மறைந்துவிட்டால் எது எது என்று யாருக்கும் தெரியாது.

ஊர்ப் பெயரிலேயே சேறு இருக்கிறது. 'குவாலா' என்றால் ஆறு கூடுமிடம், 'லும்பூர்' என்றால் சேறு. கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் மஸ்ஜித் ஜாமேக் அருகே சேர்கின்றன. வெள்ளத்தைத் திருப்பத்தான் 2007இல் 9.7 கிலோமீட்டர் நீள ஸ்மார்ட் சுரங்கத்தைத் திறந்தார்கள். அதன் காடிப் பாதையில் மோட்டாருக்கு எப்போதுமே அனுமதி இல்லை, மழை என்று அதற்குள் நுழையப் பார்க்காதீர்கள். 2021 டிசம்பரில் ஷா ஆலம், கிள்ளான் பகுதிகள் மூழ்கியபோது மழை ஒரு சாயங்காலத்தோடு நிற்கவில்லை. தொடர் மழை எச்சரிக்கை ஆரஞ்சு, சிவப்பு என்று ஏறினால் 'ஒதுங்கிப் போகலாம்' என்ற கணக்கே செல்லாது, கிளம்பவே வேண்டாம். ஆற்று மட்டத்தை வடிகால் நீர்ப்பாசனத் துறையின் 'இன்ஃபோபஞ்சிர்' பக்கத்தில் பார்க்கலாம்.

வெள்ளத்தில் இறங்கியவர்கள் வீட்டுக்குப் போனதும் சோப்புப் போட்டுக் கால் கழுவுங்கள். காலில் புண் இருந்தால் எலிக்காய்ச்சல் வரலாம். சில நாளில் காய்ச்சல் கண்டால் வெள்ளத்தில் நடந்ததை டாக்டரிடம் சொல்ல மறக்காதீர்கள்.

தண்ணில இஞ்சின் நின்னுடுச்சு. திரும்ப ஸ்டார்ட் பண்ணலாமா?

கூடாது. பட்டனைத் தொடவே தொடாதீர்கள். தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது பிஸ்டன் அமுக்கப் பார்த்தால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். 50 வெள்ளியில் (ரிங்கிட்டில்) முடிய வேண்டிய வேலை பல நூறாகும்.

தள்ளிக்கொண்டு மேட்டுக்கு வாருங்கள். பிளக்கைக் கழற்றுங்கள், பிறகு பத்துப் பதினைந்து தடவை உதையுங்கள், தண்ணீர் பீய்ச்சி வெளியே வரும். காற்று வடிகட்டியைத் திறந்து பார்த்து, நனைந்திருந்தால் மாற்றுங்கள். அப்புறம் இஞ்சின் எண்ணெய்: தே தாரிக் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. மாற்றி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, இன்னொரு தடவையும் மாற்ற வேண்டும். ஸ்கூட்டர் என்றால் பெல்ட் பெட்டிக்குள்ளும் தண்ணீர் போயிருக்கும், பட்டறைக்குக் கொண்டு வந்துவிடுங்கள்.

மழையில ஓட்டின மறுநாள் ஏதாவது பார்க்கணுமா?

சங்கிலியைத் துடைத்து எண்ணெய் போடுங்கள், பிரேக் கட்டையில் மணல் சிக்கி உரசுகிறதா என்று கேளுங்கள், விளக்கெல்லாம் எரிகிறதா பாருங்கள். வேறொன்றுமில்லை. மழைக்கோட்டை இருக்கைக்கு அடியில் ஈரமாகவே திணிக்காதீர்கள், அடுத்த மழைக்கு அதை எடுக்கும்போது நாறும்.

பின்னாடி மனைவியும் பிள்ளையும் இருந்தா?

நிற்கும் முடிவை இன்னும் சீக்கிரம் எடுங்கள். பிரேக் பிடிக்கும் தூரம் கூடும், பின்னால் இருப்பவர் பயந்து அசைந்தால் மோட்டார் ஆடும். பிள்ளையை முன்னால் நிறுத்தி, மழைக்கோட்டுக்குள் தலையோடு மூடிக்கொண்டு போவதைப் பார்க்கிறேன். கைப்பிடியைத் திருப்பவே முடியாது, பிள்ளைக்கு மூச்சும் முட்டும். மழை விடவில்லை என்றால் அவர்களைக் கிரேப் வாடகைக் காடியில் ஏற்றி அனுப்பிவிட்டு நீங்கள் பிறகு வாருங்கள். அந்தக் காசுக்குக் கணக்குப் பார்க்காதீர்கள்.

ராத்திரி மழையில கோடே தெரியலை. லோரிக்குப் பின்னாடி போனா பாதுகாப்பா?

லோரி வேண்டாம், அது எழுப்பும் சேற்றுத் தூவலில் உங்களுக்கும் ஒன்றும் தெரியாது, அவருக்கும் நீங்கள் தெரியமாட்டீர்கள். சாதாரணக் காடி ஒன்றின் பின்னால், நல்ல இடைவெளி விட்டு, அதன் சக்கரம் தண்ணீரை ஒதுக்கிய தடத்தில் போகலாம். அது குழியில் குதித்தால் அதன் சிவப்பு விளக்கு குதிக்கும், உங்களுக்கு முன்கூட்டியே தெரியும். காடிகளுக்கு நடுவே புகுந்து போகும் பழக்கத்தை மழை நேரத்தில் மட்டுமாவது விடுங்கள், பக்கக் கண்ணாடி முழுக்கத் துளிகள்தான்.

புகைமூட்டம் வந்தா துணி முகமூடி போதுமா?

போதாது. நுண்துகளைத் தடுக்க என்95 வேண்டும், அதுவும் முகத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் ஆரோக்கியமற்றது, 200க்கு மேல் மிகவும் ஆரோக்கியமற்றது, 300க்கு மேல் அபாயம். 2015இலும் 2019இலும் பட்டதை நினைவில் வையுங்கள். கண் எரிந்தால் ஓட்டியபடி தேய்க்காதீர்கள், நிறுத்திக் கழுவுங்கள்.

வழுக்கி விழுந்துட்டா சொக்சோ கிடைக்குமா? இன்சூரன்ஸ் வெள்ளத்துக்குத் தருமா?

சம்பள வேலையில் இருந்து சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தா) கட்டுபவர் என்றால், வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையே நடக்கும் விபத்தும் அதில் அடங்கும். வழியில் சொந்த வேலையாக வேறு பக்கம் திரும்பியிருந்தால் சிக்கல் வரும். உணவு விநியோகம் செய்பவர்களுக்கு 2017ஆம் ஆண்டின் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தனித்திட்டம் இருக்கிறது, சந்தா ஓடுகிறதா என்று இன்றே பார்த்துக்கொள்ளுங்கள். விபத்து நடந்தால் 24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார், அன்றைக்கே கிளினிக், இடத்தின் படம். காயம் சின்னது என்று நான்கு நாள் கழித்துப் போனால் நிரூபிக்க அலைய வேண்டும்.

நம்மில் பெரும்பாலோர் எடுத்திருப்பது மூன்றாம் தரப்புக் காப்புறுதி. உங்கள் மோட்டார் வெள்ளத்தில் போனால் அதில் ஒரு காசும் வராது. முழுக் காப்புறுதி இருந்தாலும் வெள்ளத்துக்குத் தனியாகச் சேர்த்துப் பணம் கட்டியிருக்க வேண்டும்.

நின்னு நின்னு போனா லேட்டாகுது அண்ணே. மேல இருக்கிறவன் கத்துறான். என்ன சொல்றது?

எனக்கும் அப்படி ஒரு மேலாளர் இருந்தார். மழை என்றால் 'மற்றவர்கள் எல்லாம் வந்துவிட்டார்களே' என்பார். ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 30 கிலோமீட்டர் தூரத்தை 80இல் ஓட்டினால் 22 நிமிடம் சொச்சம், 60இல் ஓட்டினால் 30 நிமிடம். மழையில் உயிரைப் பணயம் வைத்து மிச்சப்படுத்தியது ஏழெட்டு நிமிடம். நேரத்தை உண்மையில் தின்றது ஒதுங்கி நின்ற முக்கால் மணி நேரம்தான். அதை வேகத்தால் ஈடுகட்ட முடியாது, சீக்கிரம் கிளம்பினால்தான் முடியும். சுமத்திரா மழை வரும் காலத்தில் நான் மோட்டாரை விட்டுவிட்டு ரயில் ஏறியிருக்கிறேன். செந்தூலில் கொமுட்டரும் இருக்கிறது, எல்ஆர்டியும் இருக்கிறது.

ஒதுங்கியதும் செய்தி அனுப்பிவிடுங்கள், மன்னிப்பெல்லாம் வேண்டாம், இடமும் நேரமும் போதும்: 'சுங்கை பீசி பெட்ரோல் நிலையம். இடி மழை. ஆறரைக்குக் கிளம்புவேன்.' அதையே வீட்டுக்கும் அனுப்புங்கள். என் மனைவி நான் சொன்ன நேரம் தாண்டினால் போன் அடிப்பாள். போன் பிளாஸ்டிக் பைக்குள், அதற்கு மேல் சட்டை, அதற்கு மேல் மழைக்கோட்டு, தலையில் ஹெல்மெட். எனக்குக் கேட்காது. வீட்டுக்குப் போனபிறகு கேட்கும்.